மலிவு டிஜிட்டல் சிந்தசைசரில் அனலாக் ஒலி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களின் கோயில் திருவிழாக்களிலும் தேவான்களில் (பொது மண்டபங்களில்) நடக்கும் திருமண விருந்துகளிலும் கீபோர்டு வாசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, ஒலியை மின்சுற்றே எழுப்பும் அனலாக்கா, சிப் எண்களாகக் கணக்கிட்டு எழுப்பும் டிஜிட்டலா என்னும் கேள்வி ரசனையோடு முடிந்துவிடுவதில்லை; கையிலிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியை (ரிங்கிட்டை) எதில் போடுவது என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. என்னிடம் மூன்று சிந்தசைசர்கள், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவிகள், உள்ளன. முதலாவது, 2002இல் வெளிவந்த கோர்க் மைக்ரோகோர்க். டிஜிட்டல் கருவியான அதை ஈப்போவில் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினேன். இரண்டாவது, 2017இல் கடைகளுக்கு வந்த கோர்க் மோனோலாக். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும் உண்மையான அனலாக் கருவி. மூன்றாவது, 2023இல் வந்த ரோலண்ட் எஸ்-1; 1982ஆம் ஆண்டின் எஸ்எச்-101 என்னும் அனலாக் கருவியின் மின்சுற்று நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்கிட்டு ஒலியாக்கும் சிறிய டிஜிட்டல் பெட்டி. இம்மூன்றையும் மேடையிலும் வீட்டிலும் மாறிமாறிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியதில் எனக்கு ஏற்பட்ட கருத்து இது: அசையாமல் நிற்கும் ஒலியில் மலிவு டிஜிட்டல் அனலாக்கை எட்டிவிட்டது, ஒலி அசையும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது, அதுவும் கருவி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து வெளிப்படுகிறது.

இரு வகைகளுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு விளம்பரங்கள் காட்டுமளவுக்குத் தெளிவானதன்று. அனலாக் ஒலியின் அடையாளமாகப் பேசப்படும் 1978ஆம் ஆண்டின் புராஃபெட்-5, ஒலி அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு நுண்செயலியைத் தன்னுள் கொண்டிருந்தது. 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106இன் ஆஸிலேட்டர்கள், அதாவது அடிப்படை ஒலியலையை எழுப்பும் பகுதிகள், அனலாக் அலையைத்தான் எழுப்புகின்றன, ஆனால் அவற்றின் அதிர்வெண்ணை டிஜிட்டல் கடிகாரம் பிடித்து நிறுத்துகிறது. பலர் உருகிப் பேசும் அதன் இதத்தில் பெரும்பங்கு அதிலுள்ள கோரஸ் சுற்றுக்கு (ஒலியின் தாமதித்த நகலை அதனோடு சேர்த்துத் தடிமனாக்கும் சுற்றுக்கு) உரியது. மறுபக்கத்தில், 2019இல் வந்த ஆர்டூரியா மைக்ரோஃபிரீக்கில் ஆஸிலேட்டர் டிஜிட்டல், அந்த ஒலியை வடிகட்டும் ஃபில்டர் அனலாக். மேலும், இப்போது பல தேவான்களில் டிஜிட்டல் மிக்சர்தான் இருக்கிறது. என் மோனோலாக்கிலிருந்து கிளம்பும் ஒலியும் அங்கே வினாடிக்கு 48,000 மாதிரிகளாக நறுக்கப்பட்டு, எண்ணாகி, மீண்டும் மின்னலையாகித்தான் ஸ்பீக்கரைச் சென்றடைகிறது. அதன் பிறகும் அதன் குணம் குலைவதில்லை. ஆகவே எண்களால் அந்த ஒலியைச் சுமக்க முடியாது என்னும் பழைய வாதம் நிற்காது. அந்த ஒலியை முதலிலிருந்து உருவாக்கத் தேவையான கணக்கு முழுவதையும், விலை குறைந்த கருவிக்குள் இருக்கும் சிப் உரிய நேரத்தில் செய்து முடிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒப்பிடும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கருவிகளில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதையே காது தரமானது என்று தேர்ந்தெடுக்கும். ஆகவே ஒலியளவை மீட்டரில் பார்த்துச் சமன் செய்யாமல் எடுக்கும் எந்த முடிவும் பயனற்றது. நான் ரம்பப்பல் அலையைத் தேர்ந்து, ஃபில்டரைப் பாதி மூடி, எதிரொலி போன்ற எல்லாச் சேர்க்கைகளையும் நீக்கி, ஒரே சுரத்தை நீண்ட நேரம் ஒலிக்கவிட்டு, எங்கள் குழுவினரைத் திரும்பி உட்காரச் சொல்லிக் கேட்டேன். எது எந்தக் கருவி என்று உறுதியாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. தபேலாவும் பேஸ் கிதாரும் சேர்ந்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

குமிழைத் திருப்பத் தொடங்கியவுடன் நிலைமை மாறுகிறது. அனலாக் ஃபில்டரில் கட்டாஃப் (எந்த அதிர்வெண்ணிலிருந்து ஒலியை வெட்டுவது என்னும் அளவு) என்பது தொடர்ந்து மாறும் ஒரு மின்னழுத்தம். பல மலிவு டிஜிட்டல் கருவிகள், குறிப்பாக 2000களின் தொடக்கத்தில் வந்தவை, குமிழின் நிலையை மின்னிசைக் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாற 1983இல் அறிமுகமான மிடி முறைப்படி 0 முதல் 127 வரையிலான எண்ணாகப் படித்துக்கொள்கின்றன. மனிதக் காது கேட்கும் எல்லையான 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழப் பத்து ஸ்தாயிகள். பத்து ஸ்தாயிக்கு 120 அரைச்சுரங்கள். அந்தப் பரப்பு முழுவதையும் 128 படிகளுக்குப் பங்கிட்டால் ஒரு படி என்பது கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம். கட்டாஃபை ஒட்டிய ஒலியைத் தூக்கிக்காட்டும் ரெசொனன்ஸைக் குறைவாக வைத்திருந்தால் அது கேட்காது. அதைக் கூட்டி வைத்து, ஃபில்டர் தானே விசிலடிக்கும் நிலைக்குக் கொண்டுபோய்க் குமிழை மெல்லத் திருப்பினால், வழுக்கிச் செல்ல வேண்டிய ஒலி படிப்படியாகத் தாவுவது தெளிவாகக் கேட்கும். சில கருவிகள் இரண்டு படிகளுக்கு இடையே தாமே நிரவிக்கொள்கின்றன. அப்போது தாவல் மறைந்து, குமிழுக்கும் ஒலிக்கும் இடையே சிறு சோம்பல் தோன்றும். எஸ்-1இல் என் காதுக்குப் படிகளும் பிடிபடவில்லை, சோம்பலும் தெரியவில்லை. இருபது ஆண்டு இடைவெளியில் சிப்களின் வேகம் கூடியதன் பலனை நான் முதலில் உணர்ந்தது இங்கேதான்.

ஃபில்டரின் உட்புறத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. ரெசொனன்ஸ் என்பது ஃபில்டரின் வெளியீட்டையே அதன் உள்ளீட்டுக்குத் திருப்பியனுப்புவதால் பிறப்பது. மின்சுற்றில் அது உடனுக்குடன் நடக்கிறது. எளிய டிஜிட்டல் கணக்கிலோ முந்தைய மாதிரியின் விடையைத்தான் திருப்பியனுப்ப முடியும். அந்த ஒரு மாதிரித் தாமதமே மேல் ஸ்தாயியில் விசிலின் சுருதியை இடம்பெயர்த்துவிடும். தாமதமில்லாமல் அந்தச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறைகள் இப்போது பரவலாகிவிட்டன. அவற்றுக்குக் கூடுதல் கணக்கீடு வேண்டும் என்பதால்தான் பழைய மலிவுக் கருவிகளில் அவை இடம்பெறவில்லை.

நம் இசையை வாசிப்பவர்கள் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது உயர் சுரங்களில் நிகழும் அலியாஸிங். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கருவியால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் காட்ட முடியாது. ரம்பப்பல் அலைக்கோ மேற்சுரங்கள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள், முடிவின்றி நீள்கின்றன. 2,500 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தை எழுப்பினால் அதன் 18ஆவது மேற்சுரம் 45,000 ஹெர்ட்ஸ். முன்னெச்சரிக்கை ஏதுமின்றி எழுதப்பட்ட ஆஸிலேட்டரில் அது மறைந்துபோவதில்லை, 48,000இலிருந்து கழிபட்டு 3,000 ஹெர்ட்ஸாக மடங்கித் திரும்பி வருகிறது. 3,000 என்பது 2,500இன் மடங்கன்று. ஆகவே சுரத்தோடு ஒட்டாத வேற்று ஒலியாக அது நிற்கிறது. மேற்கத்தியக் கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) வாசிப்பவருக்கு இது ஒரு கரகரப்பாகத் தோன்றிக் கடந்துவிடும். கமகம் வாசிப்பவருக்கு அப்படியன்று. சுருதியை வளைக்கும் பிட்ச் சக்கரத்தால் அந்தச் சுரத்தை 10 ஹெர்ட்ஸ் மேலே அசைத்தால், 18ஆவது மேற்சுரம் 45,180ஆகி, மடங்கிய ஒலி 2,820க்கு இறங்குகிறது. சுரம் ஏற ஏற அதன் நிழல் பல மடங்கு வேகத்தில் இறங்குகிறது. மேல் ஸ்தாயியில் ஒரு நீண்ட கமகத்தை வாசித்தபோது எங்கள் தவில்காரர், “தம்பி, நீ மேல போறப்ப பின்னால ஏதோ ஒண்ணு கீழ இறங்குதே, என்னது அது?” என்று கேட்டார். மாதிரி எடுப்பதைப் பற்றி அவருக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை. சரியான இடத்தைக் காதே பிடித்துவிட்டது.

புதிய கருவிகள் அலையின் கூர்முனைகளை முன்கூட்டியே மழுக்கியோ, உள்ளே பல மடங்கு மாதிரி வேகத்தில் கணக்கிட்டோ இதைப் பெருமளவு தவிர்க்கின்றன. பழைய கருவி வைத்திருப்பவர்கள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ரம்பப்பல்லுக்குப் பதில் முக்கோண அலையைத் தேர்ந்தால் போதும். அதன் மேற்சுரங்கள் மிக விரைவாக வலுவிழந்துவிடுவதால் மடங்கித் திரும்புவதற்கு அதிகம் எஞ்சுவதில்லை. ஆஸிலேட்டரில் உண்டான நிழலை அதன் பின்னால் வரும் ஃபில்டரை மூடி அகற்ற இயலாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது ஏற்கெனவே கீழே வந்து உட்கார்ந்துவிட்டது.

அனலாக்கின் பெருமையாகவும் குறையாகவும் ஒருசேரப் பேசப்படுவது அதன் சுருதி அலைவு. பஜனைகளில் சுருதிக்காக இரண்டு ஆஸிலேட்டர்களைச் சற்றே விலக்கி ஒலிக்கவிடுவது என் வழக்கம். 220 ஹெர்ட்ஸில் 3 சென்ட் விலக்கினால், அதாவது அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு விலக்கினால், ஏறத்தாழ 2.6 வினாடிக்கு ஒருமுறை ஒலி எழுந்து தணியும். டிஜிட்டலில் அந்த எழுச்சி எத்தனை நேரமானாலும் அச்சுப் பிசகாமல் அதே இடைவெளியில் வரும். அரைமணி நேர பஜனையில் அது காதைச் சலிக்கச் செய்கிறது. மோனோலாக்கில் இடைவெளி சற்றுக் கூடும், சற்றுக் குறையும், அதனால் தம்பூராவின் அருகே வைக்கத் தகுந்த ஒலியாகிறது. டிஜிட்டலில் இதை ஓரளவு ஈடுசெய்ய முடியும்: வேகம் ஒத்துப்போகாத இரண்டு எல்எஃப்ஓக்களை (தாம் ஒலிக்காமல் பிற அளவுகளை ஆட்டிவைக்கும் மெதுவான அலைகளை) மிக மெதுவாக ஓடவிட்டு, இரண்டாவது ஆஸிலேட்டரின் சுருதியைக் கடுகளவு அசைத்தால் அந்த எந்திரத்தன்மை நீங்கிவிடும். மைக்ரோகோர்க்கில் நான் இப்படித்தான் அமைத்து வைத்திருக்கிறேன். தூரத்திலிருந்து கேட்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது. பக்கத்தில் அமர்ந்து பாடுபவருக்குத் தெரிகிறது.

அதே அலைவு தோட்டத்துப் பந்தலில் தொல்லையாக மாறக்கூடும். அனலாக் ஆஸிலேட்டரின் சுருதி டிரான்சிஸ்டரின் வெப்பநிலையைச் சார்ந்தது. ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லாத சுற்றில், ஒரு டிகிரி செல்சியஸ் மாற்றத்துக்கு ஸ்தாயி ஒன்றுக்கு ஏறத்தாழ 4 சென்ட் பிசகும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்து, தகரக் கூரைக்கும் மஞ்சள் விளக்குகளுக்கும் நடுவே வைத்தால் பத்து டிகிரி வித்தியாசம் வெகு எளிதில் வந்துவிடும். இக்காலத்து அனலாக் கருவிகளில் வெப்பத்தை ஈடுசெய்யும் மின்தடையும், தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் வசதியும் இருப்பதால் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆயினும் கருவியை முன்னதாகவே பந்தலுக்குக் கொண்டுபோய், இயக்கி வைத்துவிட்டு, நாதஸ்வரக்காரர் வந்ததும் மறுபடி சுருதி பார்ப்பதை நான் விடுவதில்லை. டிஜிட்டலுக்கு இந்தச் சடங்கு எதுவும் தேவையில்லை.

சுருதியைப் பற்றிப் பேசும்போது மோனோலாக்குக்கு ஒரு நன்மதிப்பு சேர்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நகர்த்தி அமைக்கலாம். பியானோவின் மேஜர் மூன்றாம் சுரம் 400 சென்ட். சுருதியோடு ஒட்டி நிற்கும் அந்தர காந்தாரம் 386 சென்ட். அந்தப் பதினான்கு சென்ட்டைக் குறைத்து வைத்து வாசித்தபோது பாடகிக்குக் கிடைத்த நிம்மதி, அனலாக் ஃபில்டர் தந்த எந்த இதத்தையும்விடப் பெரியது. இது அனலாக் என்பதால் வந்த நன்மையல்ல, டிஜிட்டல் கட்டுப்பாடு உள்ளே இருப்பதால் வந்தது.

ஒலியை முறுக்கி எடுக்கும்போது, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிரைவை முழுதாகத் திருப்பி பேஸ் வாசிக்கும்போது, மோனோலாக் இன்றும் தனியே தெரிகிறது. ரெசொனன்ஸும் டிரைவும் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் அதன் ஒலி கணத்துக்குக் கணம் வேறாகிறது. எஸ்-1 அருகில் வருகிறது. மைக்ரோகோர்க் வேறு திசையில் போகிறது. அது மோசமில்லை, கண்ணாடி போன்ற அந்தக் கூர்மை உறுமியும் தவிலும் முழங்கும் இடத்தில் மெட்டைத் தனியே கேட்கச் செய்கிறது.

இங்குள்ள ஈரப்பதமும் இடிமின்னலும் இரு வகைக்கும் ஒரே மாதிரியான பகை. குமிழ்களுக்கு அடியிலுள்ள மின்தடைப் பட்டைகளில் பூஞ்சையும் துருவும் ஏறினால், அனலாக்கில் கரகரவென்று சத்தம் வரும், டிஜிட்டலில் எண்கள் தாமாகவே துள்ளும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி கீபோர்டுக்குப் போதாது என்பதால், மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். மாலை மழை கட்டுகிறது என்றால் மின்கம்பியைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வாசிக்க மூன்று கருவிகளிலும் வசதி இருக்கிறது. எனக்கு அது ஒலித்தரத்துக்கு இணையான காரணம்.

விலையை ஒட்டிப் பார்த்தால், ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள் என்பது மைக்ரோகோர்க்கிலும் எஸ்-1இலும் உண்டு. அதே தொகைக்குக் கிடைக்கும் அனலாக் கருவிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் சுரத்தோடு நிற்கின்றன. 2016இல் வந்த கோர்க் மினிலாக் நான்கு சுர அனலாக்கை எட்டக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது உண்மைதான், எனினும் பழைய டிஜிட்டல் கருவிகளோடு ஒப்பிட்டால் அது இன்னும் ஒரு படி மேலேதான் இருக்கிறது. ஒரே ஒரு கருவி வாங்கி அதில் பக்திப் பாடலுக்குப் பின்னணிக் கார்டும், திருமண மேடைக்குத் துள்ளும் பேஸும் வாசிக்க வேண்டியவர்கள் தயங்காமல் டிஜிட்டலுக்குப் போகலாம். இயன்றால் கடந்த சில ஆண்டுகளுக்குள் வந்ததாகப் பார்க்கலாம். ஏற்கெனவே கார்டுக்கு ஏதேனும் ஒரு கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு, பேஸுக்காகவும் தனி மெட்டுக்காகவும் ஒற்றைச் சுர அனலாக் நல்ல துணை. ஈப்போவிலோ வேறெங்கோ இரண்டாம் கையாக வாங்கப் போகிறவர்கள் சொந்த ஹெட்ஃபோனைக் கொண்டுபோய், மேல் ஸ்தாயியில் ரம்பப்பல் அலையை வைத்துப் பிட்ச் சக்கரத்தை மெதுவாக மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். பின்னர் ரெசொனன்ஸை முழுதாகக் கூட்டி, கட்டாஃப் குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் திருப்ப வேண்டும். விற்பவர் தயாராக வைத்திருக்கும் ஒலிகளை அதன் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.