டவுன்லைட் வேலை: ஒரு விளக்கையாவது இறக்கிப் பார்க்காமல் கணக்கு முடிக்காதீர்கள்

பால்ஸ் சீலிங் போட்டு டவுன்லைட் மாட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வேலை எடுத்தவர் பேச்சில் கெட்டிக்காரர். கீழே நின்று பார்த்தால் வேலையும் பளிச்சென்றுதான் இருந்தது. ஏமாற்றியதெல்லாம் ஜிப்சம் போர்டுக்கு மேலே.

ஸ்விட்சை அணைத்த பிறகும் சில விளக்குகள் இருட்டில் மங்கலாக எரிந்தன. கேட்டதற்கு, "எல்இடி என்றால் அப்படித்தான் சார், கொஞ்சம் கரண்ட் தங்கும்" என்றார். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. நீளமான வயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலோ, ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் இருந்தாலோ எல்இடி லேசாக மினுங்கலாம். ஆனால் பேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) பதில் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் வயர்) ஸ்விட்சில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் இதே மாதிரிதான் எரியும். எங்கள் வீட்டில் நடந்தது இந்தக் கடைசித் தப்புதான். விளக்கு அணைந்திருக்கும், வயரில் முழு 230 வோல்ட் நிற்கும். ஸ்விட்ச் ஆஃப் என்று நம்பி ஸ்டூலில் ஏறிக் கைவைப்பவன் கதி என்ன?

அப்புறம் டிரைவர்கள், அதாவது மெயின் கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. வேலை எடுத்தவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். வேறொரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் முதலில் மெயினை அணைத்தார், மீட்டர் வைத்துச் சோதித்தார், பிறகுதான் ஒரு விளக்கின் ஸ்பிரிங் கிளிப்பை மடக்கி வெளியே இழுத்தார். கூடவே வந்தது ஒரு வயர்க் கொத்து. பேஸ், நியூட்ரல் எல்லாம் வெறுமனே முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு முனை பிரிந்து தொங்கியது. கனெக்டர் இல்லை, ஜங்ஷன் பாக்ஸ் இல்லை. எர்த் வயரை வந்த இடத்திலேயே வெட்டி விட்டிருந்தார்கள். டிரைவரின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை, அது வேறு கதை. எங்களுடையது மெட்டல் பாடி, எர்த் கொடுக்க ஸ்க்ரூவும் இருந்தது.

இன்னொரு இடத்தில் வயர் ஜி.ஐ. சேனலின் (போர்டைத் தாங்கும் தகரச் சட்டம்) வெட்டுமுனையில் உரசி, இன்சுலேஷன் சீவிப் போயிருந்தது. அந்தச் சேனல் விளிம்பு பிளேடு மாதிரி. பைப் போட்டிருந்தாலோ, வயரைத் தள்ளிக் கட்டியிருந்தாலோ இது நடந்திருக்காது.

டிரைவர்கள் செத்த காரணமும் அப்போது தெரிந்தது. தளத்துக்கும் போர்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு. அந்த இடத்தில் டிரைவரை விளக்கின் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) மேலேயே படுக்கவைத்து, அதற்கும் மேலே ஏசி அறையின் குளிர் போகாமல் தடுக்கும் பஞ்சை அமுக்கிவிட்டிருந்தார்கள். டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் சீக்கிரம் காய்ந்துபோகும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எவ்வளவு சூடு தாங்கும் என்று டிரைவரின் மேலேயே அச்சிட்டிருக்கும், படிக்கத்தான் ஆளில்லை.

பழைய ஆளை ஒருவழியாகப் பிடித்துக் கேட்டபோது, "இடமே இல்லை சார், கை நுழையாது, எல்லாரும் இப்படித்தான் பண்றோம்" என்றார். இடம் இல்லை என்பது உண்மைதான். அதற்குத்தான் உயரம் குறைந்த விளக்கு வாங்க வேண்டும், டிரைவரைப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும், ஜாயின்ட்டை விளக்கின் ஓட்டை வழியாகக் கீழே இறக்கிச் செய்யும் அளவுக்கு வயரை நீளமாக விட வேண்டும். மேலே கையை விட்டு ஜாயின்ட் போட வேண்டிய அவசியமே இல்லை. புதியவர் எல்லாவற்றையும் கீழே வைத்தே கனெக்டரில் முடித்து, பிறகு உள்ளே தள்ளினார். டிரைவர் ஆனில் இருக்கும்போது விளக்கின் பின்னைச் செருகாதீர்கள் என்றும் சொன்னார். சுமையில்லாமல் ஏறி நிற்கும் வோல்டேஜ் எல்இடியை அடித்துவிடுமாம்.

கரண்ட் அளவு மீறினால் தானே விழும் எம்சிபி ஸ்விட்ச் இருக்கிறதே என்று தைரியப்படாதீர்கள். லூசான ஜாயின்ட் எவ்வளவு சூடானாலும் அதன் வழியாக ஓடும் கரண்ட் அளவு மீறாது, எம்சிபி விழாது. 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் எர்த் லீக்கேஜைப் (எர்த்துக்குக் கசியும் கரண்ட்) பிடிக்கும், அதுவும் ஜாயின்ட் சூட்டைப் பிடிக்காது.

அதனால் போர்டு மூடும் முன்பே வயர் ஓடும் பாதை முழுவதையும் போட்டோ எடுங்கள். வேலை முடிந்ததும் நீங்கள் கைகாட்டும் விளக்கை மெயினை அணைத்துவிட்டு அவரையே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவர் தேர்ந்தெடுக்கும் விளக்கு வேண்டாம். டிரைவர் மாட்டும் முன் லைனுக்கு மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தாரா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். எங்களுக்கு நடைபாதையில் ஒரு ஜாயின்ட் எந்த ஓட்டைக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது. போர்டை அறுக்காமல் அதை எடுக்க முடியாது என்பதால் அந்த லைனையே துண்டித்து வைத்திருக்கிறோம்.