சொராரிட்டி கிளையின் நிதி: சந்தாவா, நிதி திரட்டலா, அறக்கட்டளையா?

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் சேரும் சொராரிட்டி சங்கங்களின் கிளைகள் பொதுவாக மூன்று வழிகளில் பணம் பெறுகின்றன: உறுப்பினர் சந்தா, நிதி திரட்டும் நிகழ்ச்சிகள், முன்னாள் உறுப்பினர்கள் அறக்கட்டளை வழியாகத் தரும் நன்கொடை. எவ்வளவு வருகிறது என்பதோடு, பத்தொன்பது வயதில் முதன்முதலாகத் தன் பெயரில் பணம் கட்டும் ஒரு பெண்ணுக்கு எந்த வழி எதைக் கற்றுத் தருகிறது என்பதையும் சேர்த்தே இவற்றை எடைபோட வேண்டும்.

சந்தாவின் கணக்கை ஒரு கற்பனைக் கிளையைக் கொண்டு பார்க்கலாம். 80 உறுப்பினர்கள் பருவத்துக்குத் தலா 400 டாலர் கட்டினால் வரவு 32,000 டாலர். அதில் ஒரு பகுதி தலைமையகக் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் போய்விடும் என்பது புதிதாகச் சேர்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. ‘சந்தா எங்கே போகிறது’ என்ற முணுமுணுப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பத்துப் பேர் கட்டாமல் போனால் 4,000 டாலர் துண்டு விழும். அதை மற்ற எழுபது பேரிடம் பிரித்தால் தலைக்கு ஏறத்தாழ 57 டாலர் கூடுதல் சுமை. இந்தக் கணக்கைப் பருவத் தொடக்கக் கூட்டத்திலேயே பொருளாளர் திரையில் காட்டி, 400 டாலரை மாதம் நூறாக நான்கு தவணைகளில் கட்ட எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பையும் தந்தால், வரவுசெலவுத் திட்டம், நிலுவை, தவணை ஆகியவற்றின் பொருளை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமலே உறுப்பினர்கள் புரிந்துகொள்வார்கள். நிலுவை வைத்திருப்பவரின் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். கேலிக்கு அஞ்சும் பெண் விலகிப் போவாளே தவிர, பணம் கட்ட முன்வரமாட்டாள்.

நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் பார்வைக்குக் கலகலப்பானவை. கைக்கு வருவதோ சொற்பம். உணவகம் ஒன்று அன்றைய விற்பனையில் 20 விழுக்காடு தர ஒப்புக்கொண்டால், அதே 4,000 டாலரை ஈட்ட 20,000 டாலருக்கு உணவு விற்றாக வேண்டும். அறப்பணிக்கென்று சொல்லித் திரட்டிய பணத்தைக் கிளையின் செலவுக்குத் திருப்பவும் கூடாது: மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஜீட்டா டௌ ஆல்ஃபா என்ற சொராரிட்டியின் கிளை ஒன்று விற்கும் நுழைவுச்சீட்டின் பணம் அந்தப் பணிக்கே உரியது. உறுப்பினர் அல்லாதோரிடமிருந்து வரும் வருமானத்துக்கும், அமெரிக்க வரிச் சட்டத்தின் 501-சி-7 பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற சமூகச் சங்கங்களுக்கு வரம்பு உண்டு.

அறக்கட்டளை வழியில் ஒரு பெரும் சாதகம், அதே சட்டத்தின் 501-சி-3 பிரிவில் வரும் அறப்பணி, கல்வி அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைப்பது. ஆனால் அந்தப் பணம் கல்வி உதவித்தொகை, பயிற்சி போன்றவற்றுக்கே செல்லும். நடன விருந்துக்கோ சங்கச் சட்டைக்கோ செல்லாது. தவிர, 1870-இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா தீட்டாவுக்கு இருக்கும் முன்னாள் உறுப்பினர் பலம், 1998-இல் ஹூஸ்டனில் உருவான தெற்காசிய மாணவியரின் டெல்டா ஃபை ஒமேகாவுக்கு இருக்க முடியாது. இளைய சங்கங்களுக்குச் சந்தாவை ஒழுங்குபடுத்துவதே நடைமுறைக்கு உகந்தது.

உறுப்பினர்களுக்கு நிதிக்கல்வி தருவதிலும் இப்படி வழிகளுக்குள் போட்டி உண்டு. வங்கி ஊழியர் ஒருவர் வந்து ஒரு மணிநேரம் கடன் அட்டை பற்றிப் பேசிச் செல்வது எளிது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கடன் அட்டை பெறச் சொந்த வருமானத்தையோ இணைக் கையொப்பத்தையோ காட்ட வேண்டும் என்ற 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேட்டறிவதும் நல்லதே. ஆனால் அட்டையையோ கணக்கையோ விற்க வந்தவரின் பாடம் அரைப்பாடம்தான். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டி வேறு பாதையில் சென்றது: அதன் உறுப்பினர்களுக்கான கடன் சங்கம் 2023-இல் கூட்டாட்சி அனுமதி பெற்றது. சேமிப்புக்கும் கடனுக்கும் உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருப்பது பெருமைக்குரியது. எனினும் அது தனி உறுப்பினரின் வாழ்நாள் தேவைக்கு உதவுமே ஒழிய, ஒரு கிளையின் இந்தப் பருவத்துத் துண்டை அடைக்காது.

ஆகவே, புதிய பொருளாளர் ஒருவர் பதவியேற்கும் வாரத்தில் எதை முதலில் செய்யலாம் என்று கேட்டால், உணவகத்தைத் தேடுவதற்கு முன் பழைய பொருளாளருடன் அமர்ந்து, வங்கிக் கணக்கின் கையொப்ப உரிமையை மாற்றி, சிறு அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அனுப்பும் 990-என் படிவம் சென்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அது போகாவிட்டால் வரிவிலக்கே தானாக ரத்தாகிவிடும்.