கடலூர் பக்கம் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அம்மாவின் வளையலை அடகு வைத்த பணமும் அதில் இருக்கிறது. திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வயிறு எரிகிறது.

நெல்லிக்குப்பம் சாலையில் மனை விற்கும் ஒரு அலுவலகம். பெயர் வேண்டாம். 2021-இல் கடலூர் மாநகராட்சி ஆனதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் கரும்பு வயலெல்லாம் கல் நட்டுக் கொடி கட்டி நிற்கிறது. "இதுவும் சீக்கிரம் மாநகராட்சிக்குள்ள வந்துடும் சார்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்கள். வேனில் கூட்டிப்போய் 1,200 சதுர அடியைக் காட்டினார்கள். அப்புறம் ஆபீஸில் அந்த ஆள் வரைபடத்தை விரித்தார். ஓரத்தில் டி.டி.சி.பி. (மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அரசின் நகர் ஊரமைப்புத் துறை) எண், சிவப்பு முத்திரை. என் மனையின் கட்டத்துக்குள் பென்சிலால் என் மகள் பெயரை எழுதி, "இனிமே இது பாப்பாவோடது" என்றார். அங்கேதான் விழுந்தேன்.

வரப்பில் மாடு மேய்த்த ஒரு அம்மா அன்றைக்கே சொன்னார்: "நஞ்சை தம்பி இது. வாய்க்காலைத் தூர்த்துட்டாங்க. போன டிசம்பர்ல பெண்ணையாறு வந்தப்ப இடுப்பளவு தண்ணி." கேட்டும் கேளாதவன் மாதிரி வந்தேன்.

பதிவு அலுவலகத்தில் சொன்னது: இந்த சர்வே எண்ணுக்கு அங்கீகாரமே இல்லை, வரைபடத்தில் இருக்கும் டி.டி.சி.பி. எண் வேறு மனைப்பிரிவுடையது, அங்கீகாரமில்லாத மனையைப் பதியத் தடை போடும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி இதைப் பதிய முடியாது. ஆபீஸுக்குப் போன் போட்டால் "சார் சைட்ல இருக்கார்". நேரில் போனால் "அப்ளை பண்ணியாச்சு, வந்துடும்". மறுநாள், "வரன்முறை பண்ணிக்கலாம்". பச்சைப் பொய்! அங்கீகாரமில்லாத மனைகளைச் சட்டப்படி ஒழுங்காக்கும் 2017 வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்குள் மனை விற்றுப் பத்திரம் ஆன பழைய மனைப்பிரிவுகளுக்குத்தான். பணத்தைக் கேட்டால், "ரசீதைப் படிங்க சார், முன்பதிவுத் தொகை திரும்பாது." பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம்!

வாங்குபவர்கள் இதையாவது செய்யுங்கள். அங்கீகார எண்ணை அவர்கள் காட்டும் தாளில் பார்க்காதீர்கள், டி.டி.சி.பி. அலுவலகத்தில் போய் சர்வே எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கேளுங்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் ஊராட்சிக்குத் தானப்பத்திரம் ஆகியிருக்கிறதா பாருங்கள். பட்டாவில் நஞ்சை என்றிருந்தால் வாய்க்கால் எங்கே போனது என்று கேளுங்கள், மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். ரசீதை முழுசாகப் படியுங்கள். நான் இப்போது போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன்.