சென்னையில் அப்பாவின் பழைய கார்: எலக்ட்ரானிக் போர்டும் பிரேக்கும்

அப்பாவின் கார் 2004இல் வாங்கிய பெட்ரோல் செடான். அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. மடிப்பாக்கம் வீட்டிலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, கோயில், கல்யாணம் எல்லாம் இன்னும் இந்தக் காரில்தான். ஓட்டுவது எழுபதைத் தாண்டிய அப்பா. இந்த முறை லீவில் போய் ஓட்டிப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் மீட்டர் கன்சோல் அணைந்து எரிகிறது. செக் எஞ்சின் விளக்கு போவதே இல்லை. சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டித் தானாகத் திறக்கிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிரேக் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போன பிறகுதான் பிடிக்கிறது, பிடிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

காரணம் வயசு மட்டுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் காருக்குள் தரை விரிப்பு வரை ஏறியது. அப்போது விரிப்பைக் காயவைத்து, ஆயில் மாற்றி, ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் அப்படி நனைந்த வண்டிகள் ஏராளம். தண்ணீர் வடிந்த மறுநாள் ஸ்டார்ட் ஆனது என்பதற்காக எதுவும் கெடவில்லை என்று ஆகாது. செம்புக் கம்பியிலும் கனெக்டர் ஊசியிலும் பச்சை பூப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் துரு ஏறுவதும் அப்படித்தான்.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஈசியு போயிடுச்சு சார், புதுசு வராது. வண்டியை எக்ஸ்சேஞ்ச்ல விட்டுடுங்க" என்றார்கள். ஈசியு என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் போர்டு. அந்தப் பெட்டியை யாரும் திறக்கக்கூட இல்லை. நான் வாழும் இங்கிலாந்திலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அங்கே கூலி அதிகம். ஒரு பாகம் சந்தேகமா, கழற்றிவிட்டு வேறு மாட்டு என்பதுதான் வழக்கம். சென்னையில் இன்னொரு பாதை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைத் தேடாமல் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணா சாலையை ஒட்டி, ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாமல் மூன்று இடங்கள் இருக்கின்றன. மின்னணுப் பொருட்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். புது ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜி.பி. ரோடு எனப்படும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பிரித்த வண்டிகளின் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. பழைய காரைக் காப்பாற்ற இந்த மூன்றும் போதும். ஆனால் எதற்கு எங்கே போவது என்பதில் தெளிவு வேண்டும். அது இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பக்கத்துத் தெருக்காரர் சொல்லி ஒரு மெக்கானிக் கிடைத்தார். வயதானவர், எல்லோருக்கும் அவர் "பாய்". ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால் மல்ட்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, "சாவியைத் திருப்புங்க சார்" என்றார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காட்டியது. அங்கே ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்குக்கு மேல் காட்டக் கூடாது. அதாவது எர்த், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரும் பாதை, சரியில்லை. பாடியில் எர்த் ஒயர் போல்ட் போட்டிருந்த இடத்தைக் கழற்றினால், பெயின்டுக்கு அடியில் துரு, ஒயர் நுனியில் பச்சை. எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்து, புதிய எர்த் பட்டை போட்டு, மேலே வாசலின் தடவினார். சென்ட்ரல் லாக் பேய் அன்றோடு ஓடிவிட்டது. வண்டி ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் வருகிறதா என்றும் பார்த்தார், வந்தது. பழைய காரில் "கம்ப்யூட்டர் போச்சு" என்று யாராவது சொன்னால், முதலில் இந்த இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

கன்சோலும் ஈசியுவும் மிச்சம். இரண்டையும் பாயே கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் மாடிப்படி ஏறிப் போனால், ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி. மழை வெள்ளத்தில் நனைந்த போர்டுகள் அலமாரி நிறைய இருந்தன. ஈசியுவின் அலுமினிய மூடியைத் திறந்ததும் எனக்கே தெரிந்தது: கனெக்டர் பக்கம் வெளிர்ப் பச்சைப் பொடி, இரண்டு கப்பாசிட்டர்களின் காலடியில் பழுப்புக் கறை.

"போர்டு சாவல சார். கப்பாசிட்டர்தான் கக்கியிருக்கு" என்றார்.

எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டருக்குள் இருப்பது திரவம். வருடங்கள் போகப் போக அது வற்றும், அல்லது கசியும். சூடு அதன் எதிரி. வேலை செய்யும் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் துறையில் பழைய கணக்கு. சென்னை வெயிலில் இருபது வருடம் நின்ற காரில் அவை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததே பெரிது. கசிந்த திரவம் பக்கத்துச் செம்புத் தடத்தையும் அரிக்கும். கப்பாசிட்டரின் உள் மின்தடையைக் காட்டும் இஎஸ்ஆர் மீட்டரை வைத்து அவர் ஒவ்வொன்றாக அளந்தார். பார்வைக்குக் கெடாதது போலிருந்த இன்னொரு கப்பாசிட்டரும் தேறவில்லை. 85 டிகிரி தாங்கும் பழையதற்குப் பதிலாக, அதே மதிப்பில் 105 டிகிரி தாங்குவதை எடுத்தார். போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷால் கழுவி, அரித்த தடத்தின் மேல் முடி போன்ற ஒயரைப் பற்றவைத்து, கடைசியில் ஈரம் புகாத பூச்சு கொடுத்தார். கன்சோலில் கோளாறு இன்னும் எளிது: கனெக்டர் ஊசிகளைச் சுற்றி ஈயம் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. இவர்கள் மொழியில் டிரை சோல்டர். வேகத்தடையில் வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுப்போனது அதனால்தான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்.

இரண்டுக்கும் சேர்த்து 4,000 ரூபாயை ஒட்டித்தான் ஆனது. கழற்றிய கப்பாசிட்டர்களை ஒரு சின்னக் கவரில் போட்டு, நான் கேட்காமலே கையில் கொடுத்தார். இப்படி ஒரு கை தேர்ந்த ஆள் ஒரு மாடிப்படிச் சந்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. குப்பைக்குப் போக வேண்டியதை உயிரோடு திருப்பித் தருகிறார்கள்.

ஈசியுவுக்குப் போகும் ஒயர் கனெக்டரும் அரித்திருந்தது. அதற்குப் புதுப்பேட்டை. அதே மாடல் வண்டியிலிருந்து ஒரு சாண் ஒயரோடு வெட்டி எடுத்த கனெக்டர் கிடைத்தது, ஊசிகள் எல்லாம் சுத்தம். ஒயர்களை ஒவ்வொன்றாக நிறம் பார்த்து பாய் இணைத்தார். கனெக்டர், ஸ்விட்ச், கைப்பிடி, கண்ணாடி, விளக்குக் கூடு, இதெல்லாம் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். போட்டோ மட்டும் காட்டினால் வேறு வருடத்து மாடல் வந்து சேரும்.

இனி பிரேக். என் மனசு இதில்தான் கிடந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் பிறகு, பாயிடம் போவதற்கு முன் வேறொரு பட்டறையிலும் கேட்டிருந்தேன். அவர்கள் சொன்ன யோசனை: பின்பக்க பிரேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம், காலிப்பர் பிஸ்டன் துருவை எமரி போட்டு எடுத்துவிடலாம், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும், எல்லாம் 3,000க்குள் முடியும். போர்டு விஷயத்தில் நான் புகழ்ந்த அதே "தேத்திடலாம்" மனசுதான் இது. ஆனால் கப்பாசிட்டர் மறுபடி போனால் வண்டி ஓரமாக நிற்கும். பிரேக் மறுபடி போனால் நிற்காது. இந்த வித்தியாசத்தை அப்பாவுக்கு நான் விளக்க வேண்டியே வரவில்லை. பாய் விளக்கிவிட்டார்: "பிரேக்ல மட்டும் பழசு வாணாம் சார். நான் போட மாட்டேன். வேற யார்கிட்டயாவது போய்க்கங்க."

அவரிடமே வண்டியை விட்டேன்.

இடது பக்கம் இழுக்கிறது என்றால் பலரும் இடது சக்கரத்தைத்தான் குறை சொல்வார்கள். பாய் வலது முன்சக்கரத்தைக் கழற்றினார். இழுக்கிற பக்கம் வேலை செய்கிறது, வேலை செய்யாதது எதிர்ப்பக்கம். அங்கே காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பேடு ஒன்று தேய்ந்து தகடாகிவிட்டது, ஜோடி பேடு பாதி அப்படியே இருந்தது. டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியர் வைத்து அளந்தால் இரண்டு டிஸ்க்கும் அதற்குக் கீழே. பின்பக்க டிரம்மைத் திறந்தால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கசிந்து ஷூ முழுக்க ஆயில். ஆயில் ஊறிய லைனிங்கைத் தேய்த்துப் பயனில்லை, சூடானால் உள்ளிருந்து மறுபடி கசியும். டிரம்முக்குள் இருந்த கறுப்புத் தூளைப் பட்டறைப் பையன் ஏர் அடித்து ஊதப் போனான், பாய் தடுத்துத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூளை யாரும் சுவாசிக்கக் கூடாது.

பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்களும் மாற்ற வேண்டியவைதான். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்சுவர் உப்பிவிட்டால் மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டபின் திரும்பி வராது, பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

ஜி.பி. ரோட்டில் பாகங்கள் வாங்க நானும் பாயோடு போனேன். முதல் கடையில் கொடுத்த பேடு பெட்டி பெரிய கம்பெனிப் பெட்டி மாதிரியே இருந்தது. பாய் வாங்கிப் பார்த்தார்: எழுத்து மங்கல், பார்ட் நம்பர் பேடின் முதுகில் இல்லை. பேசாமல் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார். எனக்கு இது வேதனையாக இருந்தது. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருப்பது இதே நகரத்துப் பாடியில். சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அங்கேதான் வளர்ந்தது. பிரேக் செய்கிற ஊரிலேயே போலி பேடு விற்கிறது. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம், ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். ரப்பர் சாமான் என்றால் தயாரித்த தேதியையும் பாருங்கள், அலமாரியில் பத்து வருடம் கிடந்த ஹோஸும் பழைய ஹோஸ்தான்.

வலது காலிப்பர், இரண்டு டிஸ்க், பேடு, பின் ஷூ, வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், எல்லாம் புதுசு. கூலியோடு 19,000 சொச்சம். இடது காலிப்பர் நன்றாக இருந்ததால் புது சீல் கிட் போட்டு, காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்களில் ரப்பருக்கு ஒத்துவரும் கிரீஸ் தடவினார். சாதா கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும்.

பழைய பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில் வந்தது. கிளைகால் வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதிலும் சென்னைக் காற்று. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155தான். கொதித்தால் ஆவி, ஆவி இருந்தால் பெடல் பஞ்சாகிவிடும். பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற, பையன் பெடலில், பாய் சக்கரத்தடியில். "மிதி... புடி... விடாத... ம், விடு." பாட்டிலுக்குள் போன தெளிந்த குழாயில் குமிழ் வருவது நிற்கும் வரை, நிறம் தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம், நான்கு சக்கரத்திலும் இதே பாட்டு.

இங்கிலாந்தில் வருடாந்திரச் சோதனையில் உருளை மேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிடியையும் எந்திரமே அளந்து சொல்லும். இங்கே நாங்கள் விடியற்காலையில் பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் சாலை பக்கம் போனோம். முதலில் பேடு பதிய, மிதமான வேகத்தில் இடைவெளி விட்டுப் பல தடவை பிரேக் பிடித்தோம். அப்புறம் காலியான இடத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பாய் பிரேக்கை அழுத்தினார். நேராக நின்றது. பாய் கையில் வைத்திருந்த துப்பாக்கி மாதிரி வெப்பமானியால் இரண்டு முன் டிஸ்க்கையும் பார்த்தார், அதிக வித்தியாசமில்லை. அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு, "டேய், பெடல் மேலேயே புடிக்குதுடா" என்றார்.

லீவில் போகிறவர்கள் இந்த வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஒரு பாகம் மறுநாள் வரும், போர்டு இரண்டு நாள் எடுக்கும், ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருக்களில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலை முடிந்ததும் கிளம்பிவிடாமல் சில நாள் நீங்களே ஓட்டி, சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் தெரிகிறதா, ஆயில் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். தேதியும் ஆயில் வகையும் எழுதி பானெட்டுக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அப்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள்.

பின்பக்க பவர் விண்டோ ஒன்று இன்னும் மெதுவாகத்தான் ஏறுகிறது. மோட்டாரா, கண்ணாடி ஓடும் ரப்பரா என்று பார்க்க நேரமில்லை. அப்பா அதைப் பாயிடம் சொல்லிவைத்திருக்கிறார்.