தட்டிலேயே நிறமி அளவீடு: எதிரொளிப்பு ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டர், நெடுநாள் உபயோகத்தில்

செராஷியா மார்செசன்ஸ் என்ற சிவப்பு நிறமி பாக்டீரியாவின் காலனி எப்போது சிவக்கத் தொடங்குகிறது, எந்த ஊடகத்தில் அதிகம் சிவக்கிறது என்று காலனியைத் தொடாமலே பார்க்க, அதில் பட்டுத் திரும்பும் ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் இந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் போதும். நிறமியின் எடையைக் கேட்டால் மட்டும் பதில் வராது. தடித்த காலனியும் மெல்லிய காலனியும் ஒரே செறிவிலேயே வேறு வேறு வளைகோடு தரும்.

புரோபை (ஒளியை எடுக்கும் ஃபைபரின் முனை) 45 பாகையில், பரப்பிலிருந்து 5 மி.மீ. தள்ளிப் பிடித்தால் ஈரப் பளபளப்பு உள்ளே வராது. அந்தத் தூரத்தில் அது பார்க்கும் இடம் சுமார் 3 மி.மீ. நீள்வட்டம். தனிக் காலனி அதைவிடச் சிறிதென்றால் அடியிலுள்ள அகாரையும் (வளர்ப்பு ஊடகக் கூழ்) சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். பாக்டீரியா திரவத்தை 10 மைக்ரோலிட்டர் சொட்டாக வைத்துத் திட்டாக வளர்ப்பதே மேல். வளர்ப்பு 28 டிகிரியில். 37-இல் இந்த இனம் பெரும்பாலும் வெளிறியே நிற்கும்.

ஹாலஜன் விளக்குக்கு அரை மணி நேரம் சூடேற அவகாசம் கொடுங்கள். வெள்ளை எல்இடி வேண்டாம், 480 நா.மீ. பக்கம் அதில் வெளிச்சம் பள்ளமாக விழும். ரெஃபரன்ஸுக்கு (ஒப்பிடும் அடிப்படை அளவீடு) அதே தொகுதியில் ஊற்றிய, விதைக்காத 20 மி.லி. அகார் தட்டு, இரண்டுக்கும் அடியில் ஒரே வெள்ளை ஓடு. ஓடு இல்லையா? பிளம்பர் கடை டெஃப்ளான் டேப் பத்துப் பன்னிரண்டு அடுக்கு ஒட்டினால் வேலை நடக்கும். உணரியின் எண்ணிக்கை (ஒளி அளவு) உச்சத்தில் அதன் முழுக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாண்டாதபடி ஒளி சேகரிக்கும் நேரத்தை அமையுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது அறையின் ஃப்ளோரசன்ட் டியூப் லைட். பாதரசத்தின் 546 நா.மீ. கோடு, அமில நிலையில் 535-இல் இருக்கும் புரோடிஜியோசின் (இந்தச் சிவப்பு நிறமி) உறிஞ்சல் உச்சத்துக்குப் பக்கத்திலேயே கூர்முனையாக எழும். அறையை இருட்டாக்கிவிட்டு டார்க் (கருவி விளக்கை மறைத்து எடுக்கும் பின்னணி அளவீடு) எடுங்கள். (அதே கோடு அலைநீளத்தைச் சரிபார்க்க இலவச அளவுகோலும்கூட: 435.8, 546.1.)

அடுத்த சிக்கல் பி.எச். காரமானால் உச்சம் 470 பக்கம் நகர்ந்து நிறம் ஆரஞ்சாகும். பெப்டோன் (சிதைத்த புரதம்) ஊடகத்தில் பழைய தட்டுகள் அப்படி ஆவதைப் பார்த்து நிறமி அழிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் திட்டைச் சுரண்டி, 96 மி.லி. எத்தனாலில் 4 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கரைசலில் பிரித்து, மையவிலக்கில் செல்களைத் தள்ளி, குவெட்டில் (ஒளி அளக்கும் சிறு குப்பி) ஊற்றி 535-இல் படியுங்கள். உறிஞ்சளவு 1-ஐத் தாண்டினால் நீர்க்கச் செய்யுங்கள். கரைப்பான் அசிட்டோன் என்றால் கண்ணாடிக் குவெட் கட்டாயம், பாலிஸ்டைரீன் உருகிப் பால்போல் மங்கும்.

திறந்த தட்டு என்பதால் அளவீடு உயிர்ப்பாதுகாப்புக் கேபினெட்டுக்குள்தான். புரோப் நுனியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்தால் போதும், ஆட்டோகிளேவில் போட்டால் ஒட்டுப்பசை விட்டுவிடும்.