ஃபுல் ஃபிரேமா, கிராப்பா: நடுவில் டெல்லித் தூசி

"விலை இறங்கியிருக்கு சார், ஃபுல் ஃபிரேமுக்கு மாறிடலாமா?" கரோல் பாக் நண்பர் மறுபடியும் கேட்டுவிட்டார். ஃபுல் ஃபிரேம் என்றால் கேமராவுக்குள் படத்தை வாங்கும் சென்சார் 36க்கு 24 மிமீ, கிராப் என்றால் அதைவிடச் சிறியது, 23.5க்கு 15.6 மிமீ; இந்த அளவெல்லாம் அவருக்கு அத்துபடி. பொக்கே (பின்னணிக் கலங்கல்), டைனமிக் ரேஞ்ச் (வெளிச்சமும் நிழலும் ஒரே படத்தில் பதியும் அளவு) பற்றி இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்து முடித்திருப்பார். அவரிடம் யாரும் சொல்லாத விஷயம் தூசி.

என்னிடம் இரண்டும் நாலு வருஷமாக இருக்கின்றன. 650 கிராமில் ஒரு ஃபுல் ஃபிரேம், 403 கிராமில் ஒரு கிராப். இரண்டும் 24 மெகாபிக்சல் மிரர்லெஸ், அதாவது சென்சாரை மறைக்கும் ஆடி இல்லாத வகை. கம்பெனிப் பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், வேண்டாம்.

எஃப் 2, எஃப் 2.8இல் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் துவாரம் பெரிது) எடுக்கிறவரை சென்சார் தூசி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது உட்காருவது சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியின் மேல். லென்ஸ் துவாரம் பெரிதாக இருந்தால் நிழல் கரைந்து காணாமல் போகும். எஃப் 11 தாண்டியதும் நிழல் இறுகி, வானத்தில் சாம்பல் பொட்டாக வந்து நிற்கும். நவம்பர் மாத டெல்லி வானமோ ஒரே வெளுப்பு, பொட்டை மறைக்க ஒரு துண்டு மேகம்கூட இருக்காது. குதுப் மினாரை நாலு படமாக எடுத்து ஒட்டினால் ஒரே தூசி நாலு இடத்தில் வரும்.

முன்னால் கிடக்கிற கல்லும் பின்னால் நிற்கிற மினாரும் ஒருசேரத் தெளிவாக விழ கிராப்பில் எஃப் 11 போதும் என்றால், ஃபுல் ஃபிரேமில் எஃப் 16 வரை போகவேண்டும். பரப்பும் இரண்டேகால் மடங்குக்கு மேல். ஆக, தூசி விழவும் இடம் அதிகம், விழுந்தது கண்ணில் படுவதும் அதிகம். போதாக்குறைக்கு, மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்த வீடு. கேனான் 2018இல் இஓஎஸ் ஆர் கொண்டுவந்தபோது ஆஃப் செய்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி வைத்தது, அதன்பின் வேறு சில கேமராக்களிலும் வந்தது. என்னுடையதில் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் மெகாபிக்சலுக்கு முன்னால் இதைப் பாருங்கள். ஆனால் மூடியிருக்கிற ஷட்டர் தகடு மெல்லியது. அதன்மேல் விரல் படக்கூடாது, ப்ளோயரையும் (காற்றடிக்கும் ரப்பர் பந்து) கிட்டத்தில் வைத்து அடிக்கக்கூடாது.

மே, ஜூனில் ஆந்தி என்கிற புழுதிக் காற்று. அக்டோபர் கடைசியிலிருந்து புகை. டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் கையிலிருந்து உதிரும் நூல். கோடைத் தூசி காய்ந்த பொடி, ஊதினால் பெரும்பாலும் போய்விடும். பனிமூட்டக் காலத்தில் ஈரம் பட்டு ஒட்டியது ஊதினால் நகராது, ஈர ஸ்வாப்தான் (திரவத்தில் நனைத்துத் துடைக்கும் தட்டைக் குச்சி).

சுத்தம் செய்வதற்கு முன் சோதனை. ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் 16, ஃபோகஸ் மேனுவலில் வேண்டுமென்றே கலங்கலாக, வெள்ளைச் சுவர். ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து, திறந்திருக்கும்போது கேமராவை லேசாக ஆட்டினால் சுவரின் சொரசொரப்பு கரைந்துவிடும், தூசி மட்டும் அசையாமல் நிற்கும். அது எங்கே இருக்கிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். படத்தில் இடது மேல் மூலையில் பொட்டு தெரிந்தால், கேமராவை முன்பக்கமிருந்து பார்க்கும்போது தூசி இடது கீழ் மூலையில் இருக்கும். மேல் கீழாக மாறும், இடம் வலம் மாறாது.

முதலில் ஃபேனை நிறுத்துங்கள், கூலரைக் கட்டாயம் நிறுத்துங்கள். வெந்நீர் விட்டு ஆவி அடங்கிய குளியலறை நல்ல இடம், காற்றில் மிதப்பதெல்லாம் கீழே படிந்திருக்கும். ப்ளோயரை முதலில் வெளியே நாலு முறை அழுத்துங்கள், அதற்குள்ளேயே தூசி இருக்கும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ப்ளோயர் மூக்கை மவுண்ட்டுக்குள் (லென்ஸ் மாட்டும் வளையம்) நுழைக்காமல் ஏழெட்டு முறை அடியுங்கள். டப்பாவில் அடைத்த காற்று ஆகவே ஆகாது, அதிலிருக்கும் திரவம் கண்ணாடியில் தெறிக்கும்.

அதற்கும் போகவில்லை என்றால் ஸ்வாப். ஃபுல் ஃபிரேமுக்கு 24 மிமீ, கிராப்புக்கு 16 மிமீ. 16ஐ ஃபுல் ஃபிரேமில் போட்டால் இரண்டு வரிசையாகத் துடைக்கவேண்டும், நடுவில் கோடு விழும். மெனுவில் கிளீனிங் மோடு போட்டுக்கொள்ளுங்கள், பேட்டரி முழுதாக இருக்கட்டும். திரவம் இரண்டு சொட்டு, நுனி நனைந்து பரவச் சில நொடி பொறுங்கள். அதிகமானால் ஓரத்தில் தேங்கிக் கறையாகக் காயும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு, ஸ்வாப்பைத் திருப்பி மறு பக்கத்தால் திரும்பி வந்து, தூக்கிப் போட்டுவிடுங்கள். அதே ஸ்வாப்பால் இன்னொரு தடவை துடைத்தால் முதல் தடவை எடுத்த மணலாலேயே கீறுவீர்கள். ஐபிஸ் (கை நடுக்கத்தை ஈடுசெய்யச் சென்சாரையே அசைக்கும் ஏற்பாடு) உள்ள ஃபுல் ஃபிரேமில் சென்சார் மிதக்கிறது, அழுத்தினால் அமுங்கும். என் கிராப்பில் ஐபிஸ் இல்லாததால் சென்சார் அசையாது, துடைக்கப் பயமே இல்லை. (ஐபிஸ் இல்லாததைப் புகழ்ந்து எழுதும் நிலைக்குத் தள்ளியிருக்கிறது இந்தத் தூசி.)

சரி, கோபத்தைத் தள்ளிவைத்து நியாயமாகவும் பார்ப்போம். ஒரே எஃப் எண்ணில் ஃபுல் ஃபிரேமுக்கு ஏறக்குறைய 1.2 ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஃபுல் ஃபிரேமின் ஐஎஸ்ஓ 6400 புள்ளி விழுவதில் கிராப்பின் 2800 மாதிரி இருக்கும். ஆனால் கல்யாண மண்டபத்தில் இந்தக் கணக்கு அப்படியே நிற்பதில்லை. ஃபுல் ஃபிரேமில் 85 மிமீ எஃப் 1.8 மாட்டுவோம், கிராப்பில் 56 மிமீ எஃப் 1.4. இந்த 56, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 84 மிமீ எஃப் 2.1. மிச்சமிருக்கிற வித்தியாசம் அரை ஸ்டாப்பைக்கூடத் தொடாது. மண்டப எல்இடியில் பட்டை விழாமலிருக்க இரண்டிலும் ஷட்டர் 1/100 அல்லது 1/50தான், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேடையில் சம்பந்திகள் இரண்டு வரிசையாக நின்றால் இரண்டு வரிசையும் தெளிவாக வேண்டும். கிராப்பில் எஃப் 4 என்றால் ஃபுல் ஃபிரேமில் எஃப் 6.3, ஐஎஸ்ஓவை ஏற்றியாகவேண்டும், லாபம் வந்த வழியே போய்விடும்.

ஆனால் ஹோமப் புகைக்குப் பின்னால் பெண்ணின் முகம் இருட்டில் போய்விட்டால், ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) நிழலைத் தூக்கும்போது ஃபுல் ஃபிரேம் கொடுப்பதை கிராப் கொடுப்பதில்லை. அரக்குப் பட்டு அரக்காகவே எழுந்து வருகிறது, பச்சைப் புள்ளி கலப்பதில்லை. இரட்டைக் கார்டு, நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி இவையும் பெரிய உதவி, ஆனால் அவற்றுக்கும் சென்சார் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. கம்பெனிகள் நல்ல பாடியைப் பெரிய சென்சாருக்கென்று எடுத்துவைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

பை விஷயத்தில் போட்டியே இல்லை. ஃபுல் ஃபிரேம், 28-75 எஃப் 2.8, 85 எஃப் 1.8: 1561 கிராம். கிராப், 18-50 எஃப் 2.8, 56 எஃப் 1.4, இவற்றோடு 70-350ம் சேர்த்து 1598 கிராம். குளிர்காலத்தில் யமுனைப் படித்துறையில் கடற்காக்கைகள் இறங்கும்போது அந்த 70-350 கிட்டத்தட்ட 525 மிமீ தூரம் எட்டும். ஃபுல் ஃபிரேமில் அதற்கு 200-600 வேண்டும், லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். கிராப் லென்ஸையே ஃபுல் ஃபிரேமில் மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். மாட்டலாம், 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும்.

சாந்தினி சௌக் கூச்சா சௌத்ரியில் பழையது பார்க்கப் போகிறவர்கள் சொந்தக் கார்டு ஒன்று கொண்டுபோங்கள். கடை வாசலில் நின்று எஃப் 16இல் வானத்தை ஒரு படம். கலங்கலான பொட்டு தூசி, போய்விடும், பேரம் பேச உதவும். ஒழுங்கான நேர்கோடோ அரைவட்டமோ தெரிந்தால் யாரோ ஸ்வாப்பால் கீறியிருக்கக் கூடும், கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகருங்கள். மவுண்ட்டில் பித்தளை தெரியும்படி தேய்ந்திருந்தால் லென்ஸ் நிறைய மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு தடவை நன்றாகப் பாருங்கள்.

நண்பருக்குப் பதில்: கிராப்பிலேயே இருங்கள். மிச்சப் பணத்தில் 56 எஃப் 1.4 வாங்குங்கள், ஒரு பாக்கெட் 16 மிமீ ஸ்வாப் வருஷக்கணக்கில் வரும். அப்படியானால் உங்கள் ஃபுல் ஃபிரேமைக் கொடுத்துவிடுகிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த வாரம் ஆர்.கே.புரத்தில் ஒரு முகூர்த்தம், அதற்கு அதுதான் போகிறது. நேற்றுத்தான் துடைத்தேன். படத்தில் இடது மேல் மூலையில் இன்னும் ஒரு பொட்டு இருக்கிறது.