லிங்க்ட்இன் 'அலம்னி' பகுதி: கல்லூரிக்கு எவ்வளவு உதவும்?

பொறியியல் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் நல்ல கருவி, வேலை சார்ந்த சமூக வலைத்தளமான லிங்க்ட்இனில் கல்லூரிப் பக்கத்தில் இருக்கும் 'அலம்னி' (முன்னாள் மாணவர்) பகுதி. படித்த ஆண்டு, ஊர், வேலை பார்க்கும் நிறுவனம் என்று சலித்தெடுக்கலாம். 2012 பேட்ச்சில் கோவையில் இருப்பவர்களைத் தேடுவது இரண்டு நிமிட வேலை.

ஆனால் அப்படியே நம்பிவிடக் கூடாது. தங்கள் புரொஃபைலில் கல்லூரிப் பெயரை லிங்க்ட்இன் காட்டும் பட்டியலில் தேர்ந்தெடுக்காமல் கையால் தட்டியவர்கள் இதில் சிக்கமாட்டார்கள். ஒரு செமஸ்டரோடு நின்றவர் சிக்குவார். சேர்க்கைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

போன் நம்பருக்கு இதை நம்பிப் பயனில்லை. இறுதியாண்டில் பாக்கி எதுவும் இல்லை என்று வாங்கும் 'நோ டியூஸ்' படிவத்திலேயே அதையும் சொந்த மெயில் ஐடியையும் வாங்கிவிடுங்கள். கல்லூரி கொடுத்த ஐடி வேண்டாம், பல இடங்களில் படிப்பு முடிந்ததும் முடக்கிவிடுவார்கள்.

முதல் மெசேஜிலேயே நன்கொடை கேட்டால் பதில் வராது. ஜூனியர்களுக்கு மாக் இன்டர்வியூ (மாதிரி நேர்காணல்) எடுக்கக் கூப்பிட்டுப் பாருங்கள்.